எது வெடிக்கும், எது வெறுமனே எரியும்?

எரிவாயு விபத்து நடந்த வீட்டைப் பற்றிச் செய்தி வரும்போது 'சிலிண்டர் வெடித்தது' என்றுதான் பெரும்பாலும் வரும். சுவர் சரிந்திருக்கும், கதவு பிய்த்துக்கொண்டு போயிருக்கும். ஆனால் இடிபாடுகளை அகற்றிப் பார்த்தால், சிலிண்டர் உடையாமல் முழுசாகக் கிடப்பது அபூர்வமல்ல. வெடித்தது அதுவல்ல, அதிலிருந்து கசிந்து அறையை நிரப்பிய வாயு. செல்போன் பேட்டரி புகைந்து தீப்பற்றினாலும் 'வெடித்தது' என்கிறோம். கொதிகலன் கிழிந்தாலும், எரிமலை சீறினாலும் அப்படித்தான்.

இப்படி எல்லாவற்றையும் ஒன்றாகப் பேசிப் பேசி, வெடிப்பு என்றால் பெரிய தீ, ஏராளமான ஆற்றல், காதைப் பிளக்கும் சத்தம் என்று ஒரு படம் மனதில் பதிந்துவிட்டது. அதில் முக்கால்வாசி தப்பு. வெடிப்புக்குத் தீ அவசியமே இல்லை. ஆற்றலும் நாம் நினைக்கிற அளவு வேண்டியதில்லை. வேண்டியது வேறு ஒன்று.

## ஒரே காற்று, இரண்டு முடிவு

ஒரு பலூனை ஊதி, முடிச்சுப் போடாமல் விட்டுவிடுங்கள். புஸ்ஸென்று காற்றைக் கக்கிக்கொண்டு அறையைச் சுற்றிவந்து எங்கேயாவது விழும். அதே அளவு ஊதிய இன்னொரு பலூனை ஊசியால் குத்துங்கள். டப்பென்று வெடிக்கும், பக்கத்தில் இருப்பவர் துள்ளுவார். இரண்டு பலூனிலும் இருந்த காற்று ஒரே அளவு. ரப்பர் இழுபட்டிருந்ததும் ஒரே அளவு. முதல் பலூன் தன்னிடம் இருந்ததைச் சில நொடிகளில் செலவழித்தது. இரண்டாவது, ஒரு நொடியின் ஆயிரத்தில் சில பங்குக்குள் மொத்தத்தையும் கொட்டிவிட்டது. அவ்வளவுதான் வித்தியாசம்.

இன்னும் ஒரு சோதனை இருக்கிறது. பலூனின் மேல் ஒரு துண்டு செலோடேப்பை அழுத்தி ஒட்டி, அந்த டேப்பின் வழியாக ஊசியைக் குத்துங்கள். வெடிக்காது. ஊசியை உருவினாலும் காற்று மெல்லக் கசியுமே தவிர டப்பென்று போகாது. ஓட்டை அதே ஓட்டைதான். டேப் இல்லாதபோது ஓட்டையின் விளிம்பில் ஒரு கிழிசல் பிறந்து, விறைத்து நிற்கும் ரப்பரில் தறிகெட்டு ஓடுகிறது. டேப் அதைப் பிறந்த இடத்திலேயே பிடித்து நிறுத்திவிடுகிறது. ஆக வெடிக்க வைப்பது ஓட்டை அல்ல, அந்தக் கிழிசலின் ஓட்டம். அரைகுறையாக ஊதிய பலூன் வெடித்தால் ரப்பர் ஓரிரு துண்டாகத்தான் கிழியும். திணறத் திணற ஊதியதை வெடித்துப் பாருங்கள், கிழிசல் கிளை பிரிந்து ரப்பர் கீற்றுக் கீற்றாகச் சிதறியிருக்கும்.

இப்போது வரையறையைச் சொல்லிவிடலாம். ஓரிடத்தில் அடைபட்டிருந்த ஆற்றல், சுற்றியுள்ள காற்று விலகி வழிவிட அவகாசம் கொடுக்காத வேகத்தில் வெளியேறினால் அது வெடிப்பு. 'விலக அவகாசம்' என்பது சும்மா சொல்லும் சொல் அல்ல, அதற்கு ஒரு கணக்கு உண்டு. காற்றை ஓரிடத்தில் தள்ளினால் அந்தத் தள்ளல் அடுத்த இடத்துக்குப் போய்ச் சேரும் வேகம் நொடிக்குச் சுமார் 340 மீட்டர். ஒலியின் வேகம் என்று நாம் சொல்வது இதைத்தான். இந்த வேகத்தோடு போட்டி போடும் அளவுக்கு ஏதாவது விரியும்போது, காற்று நகர முடியாமல் அங்கேயே நெரிபடுகிறது. நெரிபட்ட காற்றுதான் சத்தமாகவும் இடியாகவும் நம்மிடம் வருகிறது.

## விறகிடம் தோற்கும் டிஎன்டி

வெடிபொருள் என்றாலே ஆற்றல் குவியல் என்று எண்ணுகிறவர்களுக்கு ஒரு கணக்கு. டிஎன்டி என்ற வெடிபொருளில் ஒரு கிலோ வெளியிடும் ஆற்றல் சுமார் 4.2 மெகாஜூல். மெகாஜூல் என்பது ஆற்றலை அளக்கும் ஓர் அலகு. 4.2 மெகாஜூலைக் கொண்டு சாதாரணத் தண்ணீரில் ஏறக்குறைய 12 லிட்டரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரலாம், அதற்கு மேல் முடியாது. ஒரு கிலோ காய்ந்த விறகு எரிந்தால் கிடைப்பது 15 மெகாஜூலுக்குக் குறையாது. ஒரு கிலோ பெட்ரோலில் 44 மெகாஜூலுக்கும் மேல். கிலோவுக்குக் கிலோ பார்த்தால் டிஎன்டி விறகிடமே தோற்றுப்போகும்.

ஆனால் விறகு அந்த 15 மெகாஜூலை ஆற அமர ஒரு மணி நேரத்தில் தருகிறது என்று வையுங்கள். ஒரு நொடிக்கு எவ்வளவு ஆற்றல் வெளிப்படுகிறது என்பதைத் திறன் என்கிறோம், அதன் அலகு வாட். இந்த விறகின் திறன் 4 கிலோவாட் சொச்சம். தண்ணீர் சூடாக்கும் ஹீட்டர் இரண்டு சேர்ந்தால் அவ்வளவு வரும். ஒரு கிலோ டிஎன்டி கனசதுரமாக இருந்தால் பக்கத்துக்கு எட்டரை சென்டிமீட்டர் இருக்கும். அதற்குள் வெடிப்பு நொடிக்கு 6,900 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. ஒரு முனையில் தொடங்கி மறுமுனையைத் தொட ஒரு நொடியில் ஏறக்குறைய லட்சத்தில் ஒரு பங்கு போதும். அந்த இமைப்பொழுதில் அதன் திறன் 300 ஜிகாவாட்டைத் தாண்டுகிறது. ஒரு ஜிகாவாட் என்பது பத்து லட்சம் கிலோவாட். பெரிய அணு உலை ஒன்று தரும் மின்சாரம் 1 ஜிகாவாட் அளவுதான்.

இவ்வளவு அவசரம் எங்கிருந்து வருகிறது? எரிவதற்கு ஆக்சிஜன் வேண்டும். விறகுக்கு அது காற்றிலிருந்து வந்து சேர வேண்டும். கட்டையின் மேற்பரப்பில் மட்டும்தான் இரண்டும் சந்திக்க முடியும், உள்ளே இருக்கும் மரம் தன் முறைக்காகக் காத்திருக்க வேண்டும். டிஎன்டியின் மூலக்கூறு தனக்கு வேண்டிய ஆக்சிஜனில் கணிசமான பங்கைத் தன் உடம்பிலேயே சுமந்துகொண்டிருக்கிறது. அது யாருக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை. மூலக்கூறு சட்டென்று உடைந்து சூடான வாயுக்களாகிவிடுகிறது. திண்மமாக இருந்தபோது கையளவு இடத்தில் அடங்கியிருந்தது, வாயுவானதும் அதைப்போல் ஆயிரம் மடங்கு இடம் கேட்கிறது.

இதுவரை பார்த்ததில் பிடித்துக்கொள்ள வேண்டியது இதுதான்: எவ்வளவு ஆற்றல் என்பது இரண்டாம் கேள்வி, எவ்வளவு நேரத்தில், எவ்வளவு சின்ன இடத்திலிருந்து என்பதுதான் முதல் கேள்வி.

## தீயே இல்லாமல் வெடிப்பது

கொதிகலனை எடுத்துக்கொள்வோம். திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். மூடிய கலத்தில் அழுத்தம் ஏற ஏறக் கொதிநிலையும் ஏறும். வளிமண்டலத்தைப்போல் பத்து மடங்கு அழுத்தத்தில் தண்ணீர் 180 டிகிரி வரை நீராகவே இருக்கும். கலம் கெட்டியாக இருக்கும்வரை ஒரு தொந்தரவும் இல்லை. துருப்பிடித்த ஒரு மூலையில் தகடு கிழிந்தால் அழுத்தம் நொடியில் இறங்கிவிடுகிறது. 180 டிகிரியில் இருக்கும் தண்ணீர் 100 டிகிரியிலேயே கொதித்திருக்க வேண்டியது! அந்தக் கூடுதல் சூட்டைக் கொண்டு, தண்ணீரில் ஏழில் ஒரு பங்கு அங்கேயே அப்போதே ஆவியாகிறது. ஆவி, தண்ணீரைவிட 1,600 மடங்கு இடம் பிடிக்கும். தீப்பொறி தேவையில்லை, வேதிவினை எதுவும் நடக்கவில்லை. தண்ணீர் தண்ணீராகவே இருந்துகொண்டு கட்டடத்தைத் தரைமட்டமாக்கும்.

1905 மார்ச் 20-ம் தேதி அமெரிக்காவின் பிராக்டன் நகரில் ஒரு காலணித் தொழிற்சாலையின் கொதிகலன் இப்படித்தான் வெடித்தது. 58 பேர் இறந்தார்கள். அதன் பிறகுதான் மாசசூசெட்ஸ் மாநிலம் கொதிகலன்களுக்குச் சட்டம் இயற்றியது. அமெரிக்க எந்திரப் பொறியாளர் சங்கத்தின் கொதிகலன் விதித்தொகுப்பும் அந்த வரிசையில் வந்ததுதான். கொதிகலனில் இருக்கும் பாதுகாப்பு வால்வு செய்வதை இப்போது எளிதாகப் புரிந்துகொள்ளலாம்: ஊசியால் குத்த நேரும் முன், பலூனின் வாயை அவிழ்த்துவிடுகிறது. உஸ்ஸென்று ஆவி பீறிடும், அலறும், பயமாக இருக்கும். ஆனால் அது வெடிப்பு அல்ல, வெடிப்பைத் தவிர்க்கும் வேலை.

சமையல் எரிவாயு சிலிண்டரோ டேங்கர் லாரியோ நிஜமாகவே வெடிப்பதும் இந்த வகைதான். உள்ளே இருப்பது அழுத்தத்தால் நீர்மமாக்கப்பட்ட வாயு. வெளியிலிருந்து தீ சுட்டுக்கொண்டே இருந்தால் உள்ளே அழுத்தம் ஏறும், பாதுகாப்பு வால்வு திறந்து கொஞ்சம் வாயுவை விடும். அதே நேரம் நீர்மத்தின் மட்டம் இறங்கும். நீர்மம் தொட்டுக்கொண்டிருக்கும் தகடு அவ்வளவாகச் சூடேறாது, சூட்டை நீர்மம் வாங்கிக்கொள்ளும். மட்டத்துக்கு மேலே இருக்கும் வெற்றுத் தகடுதான் பழுத்து, வலுவிழந்து, கிழியும். கிழிந்த கணம் உள்ளிருக்கும் நீர்மம் கொதித்து ஆவியாகி வெளியே பாயும், ஏற்கெனவே தீ இருப்பதால் அது பெரிய நெருப்புப் பந்தாகும். தீயணைப்புத் துறையில் இதை பிளெவி என்பார்கள். எரியும் டேங்கரின் மேல் தண்ணீர் அடித்துக்கொண்டே இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். தீயை அணைப்பதைவிடத் தகட்டைக் குளிர்விப்பதே அங்கே முதல் நோக்கம்.

தீ இல்லா வெடிப்புக்கு இயற்கையிலும் பஞ்சமில்லை. மின்னல் ஓடும் தடத்தில் காற்று 30,000 டிகிரி அளவுக்குச் சூடாகி விரிவதுதான் இடியோசை. எரிமலைக் குழம்பில் கரைந்திருக்கும் நீராவியும் மற்ற வாயுக்களும் மேலே வரும்போது குமிழியிட்டு வெளியேறப் பார்க்கும். குழம்பு இளகலாக இருந்தால் வாயு சுளுவாகப் பிரிந்துவிடும், குழம்பு வழிந்தோடும். பிசுபிசுவென்று கெட்டியாக இருந்தால் வாயு சிக்கிக்கொண்டு கடைசியில் மலையையே பிளக்கும். 1883-ல் கிரகடோவா எரிமலை வெடித்த ஓசை சுமார் 4,800 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ரோட்ரிகஸ் தீவில் பீரங்கிச் சத்தம்போல் கேட்டது.

## வாயு எப்போது எரியும், எப்போது வெடிக்கும்?

அடுப்பில் எரிவாயு நாள் முழுக்க எரிகிறது, வெடிப்பதில்லை. அதே வாயு அறையில் பரவிவிட்டால் வீடு போய்விடுகிறது. ஏன்?

அடுப்பில் வாயு வரவர எரிந்து தீர்கிறது. சேமிப்பு எதுவும் இல்லை. கசிந்த அறையிலோ வாயுவும் காற்றும் எரிவதற்கு முன்பே கலந்து, தயாராக நிற்கின்றன. விறகுக்கு இருந்த காத்திருப்பு இங்கே இல்லை. ஒரு பொறி விழுந்தால் தீ அடுத்தடுத்த அடுக்குக்குத் தாவிக்கொண்டே போகலாம்.

ஆனால் கலவை சரியான விகிதத்தில் இருக்க வேண்டும். சமையல் எரிவாயு காற்றில் ஏறக்குறைய 2 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் தீ பரவாது, எரிபொருள் போதாது. சுமார் 9 சதவீதத்துக்கு மேலே போனாலும் பரவாது, அப்போது ஆக்சிஜன் போதாது. இயற்கை எரிவாயுவின் பெரும்பகுதியான மீத்தேனுக்கு இந்த எல்லை 5 முதல் 15 சதவீதம். ஹைட்ரஜனுக்கு 4 முதல் 75 வரை. ஹைட்ரஜன் என்றால் பொறியாளர்கள் கூடுதல் எச்சரிக்கையோடு இருப்பதற்கு இந்த அகலமும் ஒரு காரணம். ஒரு நடுத்தர அறையின் கொள்ளளவு 30 கன மீட்டர் என்றால், அதில் 2 சதவீதத்தை எட்ட ஒரு கிலோவுக்குச் சற்று மேலே வாயு கசிந்தால் போதும். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது, தரையோடு தேங்கும். ஆகவே அறை முழுக்க அந்த அளவு சேர வேண்டும் என்றுகூட இல்லை, கீழடுக்கில் சேர்ந்தாலே ஆபத்து.

தீப்பற்றினால், எரிந்த வாயு சூடாகி எட்டு மடங்கு விரியப் பார்க்கும். மூடிய அறையில் விரிய இடமில்லை, ஆகவே அழுத்தம் ஏறும். எட்டு மடங்கு வரை எகிற வேண்டியது, ஆனால் எந்த வீடும் அதுவரை தாக்குப்பிடிக்காது. வளிமண்டல அழுத்தத்தில் பதினைந்தில் ஒரு பங்கு கூடினாலே என்ன ஆகும் என்று பாருங்கள்: 2 சதுர மீட்டர் கதவின் மேல் ஏறத்தாழ 1.4 டன் எடை சாய்ந்ததற்குச் சமம். ஜன்னல் கண்ணாடி அதற்கும் முன்பே போய்விடும், சாதாரணச் சுவர் திணறும். இவ்வளவுக்கும் அறையின் ஒரு மூலையில் இருக்கும் கலவை எரிந்தாலே போதும்.

இயற்கை எரிவாயுவுக்கு மணமே கிடையாது. 1937 மார்ச் 18 அன்று அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில், நியூ லண்டன் என்ற ஊரில், பள்ளிக் கட்டடத்தின் அடியில் கசிந்து சேர்ந்த வாயுவை யாரும் உணரவில்லை. ஒரு மின் கருவியிலிருந்து வந்த பொறி அதைப் பற்றவைத்தது. ஏறக்குறைய 300 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் பிள்ளைகள். அதற்குப் பிறகுதான் எரிவாயுவில் நாற்றமடிக்கும் கந்தகச் சேர்மத்தைக் கலப்பது சட்டமானது. அழுகிய முட்டைக்கோஸ்போல் வரும் அந்த வாடை வேண்டுமென்றே சேர்க்கப்பட்டது.

வாயு மட்டும்தான் இப்படி என்று நினைத்துவிட வேண்டாம். மாவு, சர்க்கரை, நிலக்கரி, மரத்தூள், அலுமினியம் எல்லாமே தூளாகிக் காற்றில் மிதந்தால் வெடிக்கும். ஒரு சென்டிமீட்டர் கனசதுரத்தின் மேற்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதையே பத்தில் ஒரு மில்லிமீட்டர் துணுக்குகளாக உடைத்தால் பத்து லட்சம் துணுக்குகள், மொத்த மேற்பரப்பு 600 சதுர சென்டிமீட்டர். பொருள் அதே அளவுதான், ஆக்சிஜனைச் சந்திக்கும் இடம் நூறு மடங்கு. 2008 பிப்ரவரி 7 அன்று அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு சர்க்கரை ஆலையில் 14 பேரைக் கொன்றது வெறும் சர்க்கரைத் தூள். இத்தகைய ஆலைகளில் முதல் வெடிப்பு பெரும்பாலும் சின்னது. அந்த அதிர்வில் உத்தரங்களிலும் குழாய்களின் மேலும் மாதக்கணக்கில் படிந்திருந்த தூள் எழும்பி, காற்றில் கலந்து, அடுத்த வெடிப்புக்குத் தீனியாகிறது. ஆளைக் கொல்வது பெரும்பாலும் அந்த இரண்டாவதுதான். தூசு தட்டுவது அங்கே சுத்தத்துக்காகச் செய்யும் வேலை அல்ல.

சுருக்கமாக: எரிபொருளும் ஆக்சிஜனும் முன்கூட்டியே கலந்திருக்க வேண்டும், சரியான விகிதத்தில் இருக்க வேண்டும், ஏதாவது அடைப்பு இருக்க வேண்டும். மூன்றும் சேர்ந்தால், பொறி எங்கிருந்தாவது வந்துவிடும்.

## வெடிப்பில் இரண்டு சாதி

எரிவாயு வெடிப்பும் டிஎன்டி வெடிப்பும் ஒரே ரகம் அல்ல. தீ எப்படிப் பரவுகிறது என்பதில் வேறுபாடு.

முதல் வகையில் எரியும் அடுக்கு, தன் சூட்டால் பக்கத்து அடுக்கைச் சூடாக்குகிறது, அது எரிந்து அடுத்ததைச் சூடாக்குகிறது. இந்த வேகம் ஒலியைவிடக் குறைவு. இதை டெஃப்ளக்ரேஷன் என்பார்கள். அசையாமல் நிற்கும் எரிவாயுக் கலவையில் தீ நொடிக்கு அரை மீட்டருக்கும் குறைவாகத்தான் அரித்துக்கொண்டு போகும். எரிந்த வாயு விரிந்து பின்னாலிருந்து தள்ளுவதால் அது சில மீட்டராகக் கூடும். வழியில் சாமான்கள், குழாய்கள், தூண்கள் இருந்தால் வாயு சுழித்துக் கலைந்து தீ இன்னும் பன்மடங்கு வேகமெடுக்கும். நெரிசலான இடம் வெட்டவெளியைவிட மோசமாக வெடிப்பது இதனால்தான்.

இரண்டாவது வகையில் சூடு பரவக் காத்திருப்பதே இல்லை. ஒலியை மிஞ்சிய வேகத்தில் வரும் அழுத்தம், பொருளை நெரித்த நெரிப்பிலேயே பற்றவைத்துவிடுகிறது. பற்றியது அந்த அழுத்தத்துக்கு மேலும் ஊட்டம் கொடுக்கிறது. இது டெட்டனேஷன். டிஎன்டி இந்த வகை. அடைப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் இது வெடிக்கும், ஏனென்றால் பொருள் விலகி ஓட நினைக்கும் முன்பே வேலை முடிந்துவிடுகிறது.

முதல் வகையைத் தடுக்க வழி உண்டு. சூடுதான் அதன் வாகனம் என்பதால், சூட்டைப் பறித்துவிட்டால் தீ நின்றுவிடும். 1815-ல் ஹம்ஃப்ரி டேவி சுரங்கத் தொழிலாளர்களுக்கு வடிவமைத்த விளக்கு இதைத்தான் செய்தது. சுடரைச் சுற்றி நெருக்கமான கம்பி வலை. மீத்தேன் வலைக்குள் புகுந்து எரியும், ஆனால் வலைக்கம்பி சூட்டை உறிஞ்சிவிடுவதால் தீ வெளியே தாவாது.

பெட்ரோல் எஞ்சினுக்குள் 'சின்னச் சின்ன வெடிப்பு' நடப்பதாகப் பாடம் சொல்வார்கள். நல்ல எஞ்சினில் நடப்பது வெடிப்பு என்பதைவிட அடக்கமான எரிதல்தான். ஸ்பார்க் பிளக்கில் தொடங்கிய சுடர் கலவையை ஒழுங்காகக் கடந்து பிஸ்டனைத் தள்ளுகிறது. மிச்சமிருக்கும் கலவை நெரிபட்டுத் தானாகவே ஒரே நேரத்தில் பற்றினால், உலோகத்தில் சுத்தியலால் தட்டுவதுபோல் ஒலி வரும். மெக்கானிக்குகள் நாக்கிங் என்பது இதுதான், விட்டுவைத்தால் பிஸ்டன் பாழாகும். பெட்ரோலின் ஆக்டேன் எண் என்பது இந்தத் தன்னிச்சைப் பற்றலை எவ்வளவு தாங்கும் என்பதற்கான அளவு. எஞ்சினுக்கு வெடிப்பு எதிரி!

## பெட்ரோல் டேங்கும் பேட்டரியும்

கார் எங்கேயாவது முட்டிய உடனே தீப்பந்தாக வெடிப்பது திரையில் மட்டும்தான். பெட்ரோல் டேங்கின் உள்ளே ஆவி பொதுவாக மேல் எல்லையைத் தாண்டியே இருக்கும், எரிய ஆக்சிஜன் போதாது. விபத்தில் பெட்ரோல் வெளியே சிந்தித் தீப்பற்றுவது வேறு கதை. அது ஆபத்தான தீ, வெடிப்பு அல்ல.

லித்தியம் அயான் பேட்டரி விஷயம் கொஞ்சம் குழப்பமானது, ஏனென்றால் அங்கே மூன்று வேறு சம்பவங்கள் நடக்கலாம். உள்ளே ஷார்ட் ஆகிச் சூடேறினால், சூடே மேலும் சூட்டைக் கிளப்பும் வினைகள் தொடங்கும், எரியும் வாயுக்கள் உருவாகும். செல்லில் அழுத்தம் வெளியேற வைத்திருக்கும் வழி திறந்தால், வாயு பீச்சியடித்து எரியும். இதுதான் அதிகம் நடப்பது. வழி அடைபட்டால் கூடு கிழிந்து சிதறும், இது கொதிகலன் வகை. வெளியேறிய வாயு மூடிய அறையில் சேர்ந்து பிறகு பற்றினால், அது கசிந்த எரிவாயு வகை. மூன்றுக்கும் ஒரே செய்தித் தலைப்புதான் வரும்.

## வெளிச்சம் முதலில், அடி பிறகு

வெடிப்பில் தீயும் சிதறலும் எட்டாத தூரத்தில் இருப்பவரையும் எட்டுவது காற்றில் வரும் அழுத்தம். நெரிபட்ட காற்று சூடாகிறது, சூடான காற்றில் ஒலி வேகமாகப் போகும். அதனால் அழுத்தம் அதிகமான பின்பகுதி முன்பகுதியை எட்டிப் பிடித்து, எல்லாம் ஒரே முகப்பில் குவிகிறது. தலைமுடியின் பருமனைவிட மெல்லிய அந்த முகப்பில் அழுத்தம் படிப்படியாக ஏறாமல் சட்டென்று தாவுகிறது. இதற்கு அதிர்ச்சி அலை என்று பெயர். அலை கடந்த பின்னால் அழுத்தம் சாதாரண அளவைவிடச் சற்றுக் குறையும். 2020 ஆகஸ்ட் 4 அன்று பெய்ரூட் துறைமுகத்தில் 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட் வெடித்தபோது எடுத்த வீடியோக்களில் ஒரு வெள்ளைக் கோளம் விரிந்து மறைவது தெரியும். அது புகை அல்ல, அந்த அழுத்தக் குறைவில் காற்றின் ஈரம் கணநேரம் மேகமானது.

அலை எல்லாத் திசையிலும் விரிவதால் சீக்கிரமே வலுவிழக்கும். பாதிப்பு எட்டும் தூரத்தை இரண்டு மடங்காக்க ஆற்றலை எட்டு மடங்கு கூட்ட வேண்டும். கொஞ்சம் தள்ளி இருப்பதற்கே அவ்வளவு மதிப்பு. வெடிபொருள் கிடங்குகளைக் குடியிருப்பிலிருந்து விலக்கி வைக்கும் விதிகள் எல்லாம் இந்தக் கணக்கிலிருந்துதான் பிறக்கின்றன.

இன்னொரு விஷயம், அலைக்குப் பயண நேரம் உண்டு. வெளிச்சம் அக்கணமே வந்துவிடும், அலை ஒரு கிலோமீட்டரைக் கடக்க 3 நொடி எடுக்கும். 1917 டிசம்பர் 6 அன்று கனடாவின் ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்தில் வெடிபொருள் ஏற்றிய மாண்ட் பிளாங்க் கப்பல் மோதித் தீப்பற்றி எரிந்தபோது, ஊரே ஜன்னல் ஜன்னலாக நின்று வேடிக்கை பார்த்தது. கப்பல் வெடித்தது. ஏறக்குறைய 1,800 பேர் இறந்தார்கள், கண்ணாடிச் சில் பட்டுக் கண்ணில் காயப்பட்டவர்கள் ஆயிரக்கணக்கில்.

ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகரில் 2013 பிப்ரவரி 15 காலையில் நடந்ததும் கிட்டத்தட்ட அதேதான். சுமார் 20 மீட்டர் குறுக்களவுள்ள விண்கல் நொடிக்கு 19 கிலோமீட்டர் வேகத்தில் வந்து, தரைக்குச் சுமார் 30 கிலோமீட்டர் உயரத்தில் சிதறியது. எரிபொருளும் இல்லை, வெடிமருந்தும் இல்லை, வேகம் மட்டும்தான் ஆற்றல். வானம் பளீரென்றது, சத்தமே இல்லை. என்ன அது என்று பார்க்க மக்கள் ஜன்னலருகே போனார்கள். அலை வந்து சேர இரண்டு நிமிடத்துக்கும் மேலானது. சுமார் 1,500 பேர் காயப்பட்டார்கள், பெரும்பாலும் கண்ணாடியால்.

ஆகவே தொலைவில் பெரிய வெளிச்சமோ புகையோ தெரிந்து, சத்தம் இன்னும் வரவில்லை என்றால், உங்களுக்குச் சில நொடிகள் இருக்கின்றன. போனை எடுத்து ஜன்னலுக்கு ஓடாதீர்கள். கண்ணாடிக்கு முதுகு காட்டி, சுவரோரமாகவோ மேசைக்கு அடியிலோ குனிந்து, தலையையும் முகத்தையும் மூடிக்கொள்ளுங்கள். சத்தம் வந்து போன பிறகும் உடனே எழுந்து ஜன்னலுக்குப் போக வேண்டாம். பெய்ரூட்டில் முதலில் கேட்டது சின்ன வெடிப்பு, பெரியது அரை நிமிடம் கழித்துத்தான் வந்தது.